கணக்கில் ஏறாத சரக்கு: கைவழி நிறுவிய அஞ்சல் மென்பொருளும் லினக்ஸின் பொதிக் கணக்கும்

துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்குக் கணக்கேட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரோடு திறக்கப்பெற்று, 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்கிவரும் நம் துறைமுகத்தில், சரக்குப் பட்டியலில் இடம்பெறாத பெட்டி ஒன்று கரையில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். கிடங்குக் கணக்கர் தம் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார். அதில் அப்பெட்டி இல்லை. ஆகவே அவ்விடம் வெற்றிடம் என்றே கொண்டு, அடுத்து வரும் சரக்கை அங்கே இறக்கச் சொல்கிறார். பழைய பெட்டி நசுங்குகிறது. குற்றம் கணக்கருடையதன்று. ஏடு அறிந்ததையே அவரும் அறிவார்.

இதே நிகழ்ச்சி கணிப்பொறியினுள்ளும் நாள்தோறும் நிகழ்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் மென்பொருள்களைக் கணக்கு வைத்துக் காக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதனைப் பொதி மேலாளர் என்பர். அக்கணக்கிற்குத் தெரியாமல் நாமே கைவழியாக ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து வைத்தால் நேர்வது என்ன? சிறு விளையாட்டு மென்பொருளாயின் பெருந்தீங்கு இல்லை. அது நிறுவனத்தின் கடிதங்களையெல்லாம் ஏற்று அனுப்பும் அஞ்சல் மென்பொருளாயின், கடிதங்கள் ஓசையின்றித் தொலையும். அத்தீங்கு எவ்வாறு பிறக்கிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அஞ்சல் கடத்தி என்பது யாது?

நாம் ஒரு மின்னஞ்சலை எழுதி அனுப்புகின்றோம். அதனை ஏற்று, முகவரியைப் பார்த்து, உரிய ஊரிலுள்ள கணிப்பொறியைத் தேடிச் சேர்ப்பிக்கும் மென்பொருளே அஞ்சல் கடத்தி. நாம் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தும் மென்பொருள் வேறு, இது வேறு. முன்னது வீட்டு வாயிலில் உள்ள அஞ்சற் பெட்டி போன்றது. பின்னது தலைமை அஞ்சலகம் போன்றது.

அமெரிக்காவில் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் இயற்றிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் கடத்தி 1983-ஆம் ஆண்டு முதல் யூனிக்ஸ் கணிப்பொறிகளோடு சேர்ந்து வழங்கலாயிற்று. நெடுங்காலம் அதுவே அத்துறையில் கோலோச்சியது. பிற மென்பொருள்கள் கடிதம் அனுப்ப வேண்டிய போதெல்லாம் 'சென்ட்மெயில்' என்ற பெயருடைய கோப்பை அழைத்தே பழகிவிட்டன. பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995-இல் எக்சிம் என்பதை எழுதினார். டேனியல் பெர்ன்ஸ்டைன் கியூமெயில் என்பதையும், ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய வீட்சே வெனெமா 1998-இல் போஸ்ட்பிக்ஸ் என்பதையும் வெளியிட்டனர். மன்னர் மாறினாரேயன்றி அரியணையின் பெயர் மாறவில்லை. இன்றும் எந்த அஞ்சல் கடத்தியை நிறுவினாலும், அது 'சென்ட்மெயில்' என்னும் அப்பழைய பெயரில் ஒரு கோப்பை அதே பழைய இடத்தில் வைக்கிறது. இச்செய்தியை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. கணிப்பொறிக்கு வெளியிலிருந்து வரும் செய்திகள் வந்து சேரும் வாயில்களுக்கு எண்கள் உள. அவற்றைப் 'போர்ட்' என்றே ஆங்கிலத்தில் அழைப்பர். அஞ்சலுக்கு உரியது 25-ஆம் துறை. ஒரு கப்பல் நிற்கும் அணைகரையில் மற்றொரு கப்பலைக் கட்ட முடியாதன்றோ? அதுபோலவே, அத்துறையை ஓர் அஞ்சல் கடத்தி பற்றிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று அங்கே நிற்க இயலாது.

கணக்கரும் கணக்கேடும்

லினக்ஸைப் பயன்படுத்துவோர் பலரும் அதன் மூலத்தைத் தாமே திரட்டிக்கொள்வதில்லை. டெபியன், ரெட் ஹாட் போன்ற அமைப்புகள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி வழங்குகின்றன. டெபியன் 1993-ஆம் ஆண்டு இயான் மர்டாக் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதில் டி-பேக்கேஜ் என்பது பொதியைப் பிரித்து உரிய இடத்தில் வைக்கும் பணியாள். ஆப்ட் என்பது எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணை வேண்டும் என்று கணித்து, அவற்றை வருவிக்கும் மேற்பார்வையாளர். ரெட் ஹாட் வழியில் ஆர்.பி.எம். என்பது டி-பேக்கேஜ் செய்யும் வேலையைச் செய்கிறது.

ஒவ்வொரு பொதியும் தன்னைப் பற்றிய ஒரு சீட்டைக் கொண்டுவருகிறது. தன் பெயர், பதிப்பு எண், தனக்கு வேண்டிய துணைகள், தன்னோடு ஒத்து வாழாதவை, தான் நிறைவேற்றும் பணி ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். எக்சிம், போஸ்ட்பிக்ஸ் ஆகிய ஒவ்வொன்றின் சீட்டிலும் 'அஞ்சல் கடத்தியின் பணியை நான் செய்கிறேன். இப்பணியைச் செய்யும் வேறெவரோடும் நான் சேர்ந்திரேன்' என்னும் கருத்து அமைந்திருக்கும். ஆகவே ஒன்றை நிறுவினால் மற்றொன்றை மேலாளரே விலக்கிவிடுவார். ரெட் ஹாட் வழியினர் சற்று வேறுவகையாக, இரண்டையும் வைத்துக்கொண்டு 'சென்ட்மெயில்' என்ற பெயர் எதனைச் சுட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைச் செய்துள்ளனர். இரண்டும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இவை கணக்கில் ஏறியவற்றிற்கு மட்டுமே பொருந்தும்.

கைவழி நிறுவுவது ஏன்?

இத்துணை ஒழுங்கு இருக்க, ஒருவர் கைவழியாக நிறுவுவானேன் என்று கேட்கலாம். அறியாமையால் என்று அதனைத் தள்ளிவிடுதல் நேரிதன்று. தக்க காரணங்களும் உள.

முதலாவது உரிமம். கியூமெயிலைத் திருத்தி, இயங்கும் வடிவில் பிறர்க்கு வழங்குதலை அதன் ஆசிரியர் நெடுங்காலம் இசையவில்லை. ஆதலால் டெபியன் அதன் மூலநிரலை மட்டும் ஒரு பொதியாகத் தந்தது. பயன்படுத்துவோரே அதனைத் தொகுத்துக்கொள்ள நேர்ந்தது. 2007-இல் பெர்ன்ஸ்டைன் அதனைப் பொதுவுடைமையாக்கிய பின்னரே அத்தடை நீங்கியது.

இரண்டாவது காலம். இது தமிழர்க்கு மிக நெருங்கிய செய்தி. மலேசியா 1992-இல் ஜாரிங் என்னும் வலையமைப்பின் வாயிலாக இணையத்தோடு இணைந்தது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற கருவிகளால் மடலின் உள்ளே தமிழ் எழுத முடிந்தது. ஆனால் முகவரி மட்டும் ஆங்கில எழுத்திலேயே இருந்தது. முகவரியையும் பிறமொழி எழுத்தில் எழுதுவதற்கான அஞ்சல் நெறி 2012-ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி ஈறுகள் உள்ளமையால், முழுத் தமிழ் முகவரி என்பது வெறுங்கனவன்று.

அந்நெறியைப் போஸ்ட்பிக்ஸ் தன் 3.0 பதிப்பில், 2015 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 8-இலோ 2.11 பதிப்பே இருந்தது. நிலைத்தன்மையைக் கருதி, வெளியிடுமுன் பல மாதங்கள் புதுமைகளைச் சேர்க்காமல் நிறுத்திவைப்பது அவர்கள் வழக்கம். 2017 ஜூனில் டெபியன் 9 வரும்வரை காத்திராமல் தமிழ் முகவரி வேண்டும் என்று விரும்பியவர், மூலநிரலை இறக்கித் தாமே தொகுத்திருந்தால் அவரை யாரே பழிப்பர்?

இடர் எங்கே பிறக்கிறது?

போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் சிறு நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்குள்ள கணிப்பொறியில் டெபியன் 8 இருக்கிறது. அறிவார்ந்த இளைஞர் ஒருவர், மேலே சொன்ன காரணத்தால் போஸ்ட்பிக்ஸ் 3.0-ஐக் கைவழியாக நிறுவுகிறார். கப்பல் வருகை அறிவிப்பும் சுங்கத் தாள்களும் அதன் வழியே செவ்வனே சென்று வருகின்றன. ஈராண்டுகள் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

பின் வந்தவர், வட்டு பழுதுற்றாலும் தரவு அழியாதிருக்கும்பொருட்டு, இரட்டை வட்டுகளைப் பேணும் எம்.டி.ஆட்ம் என்னும் பொதியை நிறுவுமாறு பணிக்கிறார். அச்செயல் நற்செயலே. அப்பொதியின் சீட்டிலோ, 'பழுது நேர்ந்தால் மடல் எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆதலின் அஞ்சல் கடத்தி ஒன்று உடனிருத்தல் நலம்' என்னும் பரிந்துரை இருக்கிறது. ஆப்ட் தன் ஏட்டைப் பார்க்கிறது; அஞ்சல் கடத்தி எதுவும் அதில் இல்லை. ஈராண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்பிக்ஸ் அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை. டெபியனில் இயல்பான அஞ்சல் கடத்தியாக விளங்குவது எக்சிம். எனவே எக்சிமை அது தானே வருவித்துவிடுகிறது.

இப்போது மூன்று இன்னல்கள் அடுத்தடுத்து விளைகின்றன.

போஸ்ட்பிக்ஸின் மூலநிரல், வேறு கட்டளை இல்லாவிடில், 'சென்ட்மெயில்' கோப்பை மரபான அந்தப் பழைய இடத்திலேயே வைக்கும் இயல்புடையது. எக்சிம் பொதியும் அதே பெயரை அதே இடத்தில் வைக்கிறது. ஒரு கோப்பு வேறொரு பொதிக்கு உரியதாக ஏட்டில் இருந்தால் டி-பேக்கேஜ் நின்று முறையிடும். எவருக்கும் உரியதென எழுதப்படாத கோப்பாயின், ஒரு சொல்லும் சொல்லாமல் அதன் மேலேயே எழுதிவிடும். இது முதல் இன்னல்.

கணிப்பொறியிலுள்ள கணக்கு மென்பொருள் முதலானவை 'சென்ட்மெயில்' என்று அழைக்கும்போது இனி விடையளிப்பது எக்சிம். எவரும் அமைப்பைக் குறிப்பிடாத நிலையில், டெபியனின் எக்சிம் அக்கணிப்பொறிக்குள் மட்டுமே மடல்களைச் சேர்ப்பிக்கும். வெளியூர் மடல்களை அது ஏற்காமல் திருப்பிவிடும். திரும்பிய மடலோ எவரும் திறந்து பாராத உள் அஞ்சற்பெட்டியிற் போய்க் கிடக்கும். வாடிக்கையாளர் மடலை எதிர்நோக்கியிருக்கிறார். நிலையத்தார் அனுப்பிவிட்டதாக நம்பியிருக்கின்றனர். பெட்டியைத் துறைமுகத்திலிருந்து எடுக்கத் தாழ்த்தும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டக் கட்டணம் ஏறுகிறது. இது இரண்டாவது.

மூன்றாவது, மின் தடைக்குப் பின் கணிப்பொறி மீண்டும் எழும்போது நேர்வது. போஸ்ட்பிக்ஸ், எக்சிம் இரண்டும் 25-ஆம் துறைக்கு ஓடுகின்றன. எக்சிம் முந்திக்கொண்டால் போஸ்ட்பிக்ஸ் தொடங்கவே இயலாது நின்றுவிடும். அன்று முதல் வெளியிலிருந்து மடல் வருவதும் நிற்கும். வட்டுப் பொதியை நிறுவிய நாளுக்கும் இதற்கும் பல வாரங்கள் இடைவெளி இருக்கலாம். ஆதலால் காரணத்தையும் காரியத்தையும் இணைத்துப் பார்ப்பார் அரியர்.

அந்நிலையில் பதறி, போஸ்ட்பிக்ஸ் பொதியை நிறுவுமாறு ஆப்டுக்குக் கட்டளையிடுவோரும் உளர். அது புண்ணில் வேல் பாய்ச்சுவது போன்றதாகும். பழைய 2.11 பதிப்பின் கோப்புகள் 3.0 பதிப்பின் கோப்புகள் சிலவற்றின் மேல் படிய, மற்றவை வேறிடத்தில் எஞ்சி நிற்க, இரண்டுமல்லாத ஒரு கலவை உருவாகிவிடும்.

நான்கு நெறிகள்

இவ்விடரைத் தவிர்க்க வல்லுநர் கைக்கொள்ளும் நெறிகள் நான்கு.

ஒன்று, தனி முற்றம். லினக்ஸின் அடைவுகளை ஒழுங்கு செய்யும் நெறி 1994-ஆம் ஆண்டில் முதலில் வகுக்கப்பட்டது. அதன்படி 'யூ.எஸ்.ஆர்.' அடைவினுள் 'லோக்கல்' என்னும் பகுதி கணிப்பொறியைப் பேணுவோரின் சொந்த நிலம்; மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது அந்நிலத்தில் உள்ளவை சிதையாதிருத்தல் வேண்டும் என்பது விதி. டெபியனின் பொதிகள் அங்கே தம் கோப்புகளை வைப்பதில்லை. கைவழி நிறுவுவன யாவற்றையும் அங்கே வைப்பதே முறை. மூலநிரலைத் தொகுக்கும்போதே இதற்குரிய கட்டளையைத் தர வேண்டும்.

இரண்டு, கணக்கருக்கு அறிவித்தல். தனி முற்றம் மட்டும் போதாது. 'அஞ்சல் கடத்தி இங்கே உண்டு' என்பதை ஏடு அறியாதவரை ஆப்ட் இன்னொன்றைக் கொணரும். இதற்கு ஈக்விவ்ஸ் என்னும் கருவி டெபியனில் இருக்கிறது. உள்ளே எந்தக் கோப்பும் இல்லாத, சீட்டு மட்டுமே உடைய வெற்றுப் பொதியை அது உருவாக்கித் தரும். அச்சீட்டில் 'அஞ்சல் கடத்தியின் பணி இங்கே நிறைவேறுகிறது. இப்பணியைச் செய்யும் வேறொன்று வரலாகாது' என்று எழுதி நிறுவிவிட்டால், மேலாளர் அமைதியுறுவார். அக்கருவியோடு வரும் மாதிரிச் சீட்டுகளுள் அஞ்சல் கடத்திக்கான ஒன்றும் இருப்பது, இவ்விடர் எத்துணைப் பொதுவானது என்பதற்குச் சான்றாகும்.

வெற்றுப் பொதி வாக்குறுதி கொடுப்பதோடு நில்லாமல், தேவையையும் தெரிவிக்கலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கைவழி தொகுத்த அஞ்சல் கடத்தி, மறைகுறியாக்கத்திற்கு ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் பொது நூலகத்தை நம்பியிருக்கிறது. டெபியன் 11-இல் அதன் 1.1 பதிப்பு இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் 3-ஆம் பதிப்பு வந்தது. பழைய நூலகத்தை எந்தப் பொதியும் கேட்கவில்லை என்று கண்டால், வேண்டாதவற்றைக் களையும்போது மேலாளர் அதனையும் களைந்துவிடுவார்; அஞ்சல் கடத்தி அன்றே படுத்துவிடும். வெற்றுப் பொதியின் சீட்டில் அந்நூலகம் தேவை என்று எழுதியிருந்தால் அது அவ்வாறு தானே களையப்படாது.

மூன்று, இடம் ஒதுக்கல். 'சென்ட்மெயில்' என்னும் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தாக வேண்டும். ஏனைய மென்பொருள்கள் அங்கேதான் தேடும். அவ்விடத்தில் நம் முற்றத்தைக் காட்டும் சுட்டி ஒன்றை வைத்து, டி-பேக்கேஜ் டைவர்ட் என்னும் ஏற்பாட்டால், எந்தப் பொதியேனும் அக்கோப்பைக் கொண்டுவந்தால் அதனை வேறு பெயரில் ஒதுக்கி வைக்குமாறு முன்கூட்டியே பதிந்து வைக்கலாம்.

நான்கு, சரக்கையே பொதியாக்கல். இதுவே தலையாயது. டெபியன் தன் பொதிகளை எவ்வாறு கட்டியது என்னும் குறிப்புகளையும் மூலத்தோடு வெளியிடுகிறது. அவற்றை எடுத்து, புதிய பதிப்பின் மூலநிரலை அதில் இட்டு, பதிப்பு எண்ணின் இறுதியில் நம் அடையாளம் ஒன்றைச் சேர்த்துப் பொதியாகவே கட்டிவிட்டால், கைவழிச் சரக்கு என்ற நிலையே மாறிவிடும். ஒவ்வொரு கோப்பும் ஏட்டில் ஏறும்; நீக்க வேண்டின் சுவடின்றி நீங்கும். அத்துணைப் பயிற்சி இல்லாதோர் முதலில் டெபியனின் பேக்போர்ட்ஸ் என்னும் தொகுதியைப் பார்த்தல் நன்று. புதிய பதிப்புகள் பலவற்றைப் பழைய வெளியீட்டிற்கு ஏற்ப அவர்களே அங்குக் கட்டி வைப்பர்.

காவற் கடமை

கணக்கில் ஏற்றியதோடு பொறுப்பு முடிந்துவிடுமா? இல்லை. பொதி மேலாளர் நமக்காகச் செய்துவரும் பெரும்பணி வேறொன்று. அது, குறை காணப்பட்டபோதெல்லாம் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்து சேர்த்தல். கைவழிச் சரக்கிற்கு அத்தொண்டு கிட்டாது.

அஞ்சல் கடத்தி உலகிற்கே திறந்துவைத்த வாயில். 1988 நவம்பரில் இணையத்தைத் திகைக்கச் செய்த மோரிஸ் புழு, சென்ட்மெயிலில் இருந்த குறையையும் வழியாகக் கொண்டே கணிப்பொறிகளுட் புகுந்தது. 2023 டிசம்பரில், மடல் எங்கே முடிகிறது என்பதை அனுப்புவோரும் ஏற்போரும் வெவ்வேறாகக் கொள்வதைப் பயன்படுத்திப் பொய் மடலை உள்ளே கடத்தும் உத்தி வெளியாயிற்று. போஸ்ட்பிக்ஸ், எக்சிம், சென்ட்மெயில் மூன்றும் திருத்தப்பட வேண்டியிருந்தன. பொதி வழியில் இருந்தோர்க்குத் திருத்தம் வீடு தேடி வந்தது. கைவழி நிறுவியோர் தாமே அறிந்து, தாமே தொகுக்க வேண்டியதாயிற்று.

கியூமெயிலின் வரலாறு இன்னும் நுட்பமானது. 2005-இல் ஜார்ஜி குனின்ஸ்கி என்பவர் அதில் ஒரு குறையைச் சுட்டினார். ஓர் அஞ்சற் பணிக்கு அத்துணை மிகுதியான நினைவகத்தை யாரும் ஒதுக்குவதில்லை என்று சொல்லி, ஆசிரியர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. பதினைந்து ஆண்டுகள் சென்றன. 2020 மே மாதத்தில் குவாலிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள், டெபியனின் கியூமெயில் பொதியிலேயே அக்குறையைக் கொண்டு வெளியிலிருந்து உட்புக முடியும் என்று மெய்ப்பித்தனர். பொதியும் தவறா அரண் அன்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் டெபியன் திருத்திய பொதியை வெளியிட்டது. வழக்கம்போல் புதுப்பித்தவர்களுக்கு அது வந்து சேர்ந்தது. கைவழி நிறுவிவிட்டு மறந்தவர்களின் கணிப்பொறிகளை எந்த ஏடும் தேடிச் செல்லவில்லை.

ஆதலின், அஞ்சல் கடத்தியைக் கைவழி நிறுவுவோர் மூன்று கடமைகளை ஏற்றாக வேண்டும். அம்மென்பொருளின் ஆசிரியர் வெளியிடும் அறிவிப்பு மடல்களைப் பெற்றுப் படித்தல். எந்த நாளில், எந்தப் பதிப்பை, எந்தக் கட்டளைகளால், எவ்வெவ்விடத்தில் நிறுவினோம் என்பதைத் தாளில் எழுதி வைத்தல். பொதி வழியில் அதே வசதி கிடைத்த அன்றே கைவழிச் சரக்கை அகற்றிப் பொதிக்கு மாறுதல். தமிழ் முகவரிக்காகப் போஸ்ட்பிக்ஸைக் கைவழி நிறுவியவர்க்கு அந்நாள் 2017 ஜூனிலேயே வந்துவிட்டது. அன்று மாறியவர் அறிவாளி. மாறாதவர், காரணம் மறைந்த பின்னும் சுமையைச் சுமந்தவராவார்.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய கவலையன்று. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களிலுள்ள சிறு வணிகர், சங்கத்தார், கோயில் நிருவாகத்தார் ஆகியோரின் கணிப்பொறிகளிலும் உறுப்பினர் பெயரும் முகவரியும் பணக் கணக்கும் உள்ளன. தனியாள் தரவுக் காப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, வணிகத் தொடர்பான தரவைக் கையாள்வோர் கசிவு நேர்ந்தால் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்னும் கடமையும் 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

மேலே கண்ட இளைஞர் செய்த பிழை யாது? புதிய மென்பொருளை விரும்பியது பிழையன்று. கைவழி நிறுவியதும் பிழையன்று. அதனை ஏட்டிலும் ஏற்றாமல், தாளிலும் எழுதாமல், தம் நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு சென்றதே பிழை. கணிப்பொறியைப் பேணுவோர் இன்றே ஒருமுறை தம் பொதிக் கணக்கைத் திறந்து, 25-ஆம் துறையில் நிற்கும் மென்பொருள் அந்த ஏட்டில் இருக்கிறதா என்று பார்ப்பாராக. இல்லையெனின், அடுத்த பொதி வந்து இறங்குமுன் அதனைப் பதிந்துவிடுதல் அவர்தம் கடன்.